தோளை எவ்வளவு தள்ளலாம்? ரைஃபிள் கூடுகள் பலமுறை உழைக்க ஒரு வழிகாட்டி

அது ஆறாவது முறை சுட்ட .308 கூடு, அதாவது .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறை. துப்பாக்கியின் பின்புறத்தை மூடும் போல்ட்டை இழுத்தேன். அடிப்பாகம் மட்டும், அரை அங்குலம்கூட உயரமில்லாத ஒரு மூடியைப் போல, வெளியே வந்து விழுந்தது. மீதிக் குழாய், தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்தேன், வாயுவும் முகத்துப் பக்கம் வரவில்லை, அதனால் காயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதே பெட்டியில் இருந்த மற்ற கூடுகளை மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே இடத்தில், அடியிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, நூல் கட்டியது போல ஒரு பளபளப்பான வளையம் ஓடியது. அத்தனையும் பிரியக் காத்திருந்த கூடுகள்.

வெடிமருந்தை நான் கூட்டிப் போடவில்லை. பித்தளையும் மட்டமானதல்ல. சுட்ட கூட்டை மீண்டும் அளவுக்கு நெருக்கும் அச்சான டையோடு வந்த தாளில் ‘ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கவும், பிறகு மேலும் கால் சுற்று’ என்றிருந்தது. ஷெல் ஹோல்டர் என்பது கூட்டின் அடியைப் பிடித்து நிறுத்தும் தாங்கி. அந்தக் குறிப்பை வரி பிசகாமல் செய்தேன். எல்லார் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டுமென்று எழுதப்பட்ட பொதுக்குறிப்பு அது. என் துப்பாக்கியின் சேம்பரோ தாராளமானது. அந்தக் கால் சுற்று ஒவ்வொரு முறையும் கூட்டின் தோளை (உடம்பு சரிந்து கழுத்தாகக் குறுகும் இடம்) தேவைக்கு மேல் கீழே தள்ளியது. ஒவ்வொரு சுடுதலும் அந்தக் குறையை நிரப்பப் பித்தளையை இழுத்தது. ஆறே முறையில் இழுக்க ஒன்றும் மிச்சமில்லை.

புதிதாக ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றும் வேலை, தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கூட்டின் ஆயுளைச் சுடுதல் பாதி தீர்மானிக்கிறது, மீதிப் பாதியை நீங்கள் பிரஸ்ஸில் (கூட்டை டைக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி) டையை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை காலிக் கூட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மருந்தின் அளவுக்கு அச்சிட்ட லோடிங் கையேட்டைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். ரீலோடிங் செய்ய உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா, உரிமம் வேண்டுமா என்பதைக் கருவி வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூடு ஏன் நீள்கிறது

தோட்டாக்கூடு செய்யும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். இந்தக் கலவைக்கு ஓர் அருமையான குணம் உண்டு. அழுத்தம் வந்தால் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துவிடும். அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும், அதனால்தான் கூட்டை வெளியே இழுக்க முடிகிறது. கூட்டின் கனம் எங்கும் ஒன்றல்ல. அடி கெட்டியான கட்டி. அதிலிருந்து மேலே போகப் போகச் சுவர் மெலிந்து, தோளிலும் கழுத்திலும் மிக மெல்லியதாகிவிடும். அடியின் கட்டி முடிந்து மெல்லிய சுவர் தொடங்குகிற அந்தச் சந்திப்பில்தான் எல்லா வினையும்.

சுடும்போது நடப்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஊசி, கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடியான பிரைமரை அடிக்கிற வேகத்தில் கூடு முழுவதும் முன்னால் தள்ளப்பட்டு, தோள் சேம்பரின் தோளில் போய் முட்டும். கூட்டின் தோளை முன்பே அதிகமாகக் கீழே தள்ளியிருந்தால் இப்போது கூட்டின் அடிப்பாகத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். பிறகு அழுத்தம் ஏறுகிறது. .308 வின்செஸ்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. மேல்பக்க மெல்லிய சுவர் உடனே விரிந்து சேம்பரைக் கவ்விக்கொள்ளும். கெட்டியான அடி கவ்வாது. அதைப் பின்னால் தள்ளும் விசைக்குத் தடை போல்ட் முகம் ஒன்றுதான். மேல்பாதி நகராமல் நிற்க, கீழ்ப்பாதி பின்னால் போக, நடுவில் இருக்கும் சந்திப்பு இழுபட்டு மெலியும். நீங்கள் விட்ட இடைவெளி எவ்வளவோ அவ்வளவு இழுப்பு.

ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைப் பட்டறைப் பேச்சில் ‘தவ்’ என்பார்கள். மில்லிமீட்டரில் அது 0.0254. இனி நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் 8 தவ் இடைவெளி விட்டால் ஐந்து சுடுதலில் 40 தவ், அதாவது ஒரு மில்லிமீட்டர் இழுபட வேண்டியிருக்கும். ஒரு பகுதி கழுத்துப் பக்கம் வழிந்தாலும் பெரும்பங்கு அந்த ஒரே குறுகிய பட்டையிலிருந்துதான் வருகிறது. 2 தவ் மட்டும் விட்டால் அதே ஐந்து சுடுதலுக்கு 10 தவ் போதும்.

தயாரிப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வகுத்த அளவின்படி .308 சேம்பரின் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து தோளில் குறித்த ஒரு கோடு வரையுள்ள தூரம்) 1.630 அங்குலத்திலிருந்து 1.640 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே அளவில் தோட்டா 1.627 வரை குட்டையாக இருக்கலாம். எல்லார் துப்பாக்கியிலும் எல்லார் தோட்டாவும் நுழைய வேண்டுமே. ஆனால் நீங்கள் தயாரிப்பது உங்கள் ஒரே துப்பாக்கிக்கு. அந்தத் தாராளம் உங்களுக்குத் தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

உறுதியாகப் பலகையில் முறுக்கிய பிரஸ், கூட்டை முழு நீளத்துக்கும் நெருக்கும் ஃபுல் லெங்த் சைஸிங் டை, பொருத்தமான ஷெல் ஹோல்டர், பிரைமரை மட்டும் தள்ளி எடுக்கும் தனி டீகேப்பிங் டை, நல்ல டிஜிட்டல் காலிப்பர், அதன் தாடையில் பொருத்தித் தோளை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரட்டர், சைஸிங் மெழுகு. இவை அடிப்படை. கையில் பணம் குறைவென்றால் பிரஸ்ஸில் சிக்கனம் செய்யுங்கள், கம்பேரட்டரில் செய்யாதீர்கள். அது இல்லாமல் டையை நிறுத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுவதற்குச் சமம்.

முதல் வேலை: பிரித்தல், சுத்தம், சோதனை

கூடுகளை ஹெட்ஸ்டாம்ப் (அடியில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரை) வாரியாகவும், எத்தனை முறை சுட்டவை என்ற கணக்கு வாரியாகவும் பிரியுங்கள். வெவ்வேறு தயாரிப்புகளின் சுவர் கனம் வேறு, கடினம் வேறு. ஒரே டை அமைப்பில் அவை வெவ்வேறு அளவில் வந்து நிற்கும். யாரோ விட்டுப்போன கூடுகளைப் பொறுக்கி வந்தால் அவற்றின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. அவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

சைஸிங் செய்வதற்கு முன்பே புகைக்கரியையும் மண்ணையும் நீக்கிவிட வேண்டும். ஒரே ஒரு மணல்துகள் டைக்குள் போனால் அதன்பின் வரும் ஒவ்வொரு கூட்டிலும் நெடுக்காகக் கீறல் விழும். கூடுகளைச் சுழற்றித் தேய்க்கும் டம்ளர் எந்திரத்தில் சுற்றுகிறவர்கள் தூசியை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரைமர் எச்சத்தில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது சோதனை. கழுத்தில் வெடிப்பு இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அடிக்கு மேலே இருக்கும் வளையம் அப்படியல்ல. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும், ஆகவே உள்ளிருந்து தேட வேண்டும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடக்கி, அந்த மடிப்பு நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்குங்கள். கம்பியைக் கூட்டின் வாய் வழியே அடிவரை விட்டு, நுனியை உட்சுவரில் அழுத்தியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டே ஏறும். மெலிந்த கூட்டில், அடியை விட்டுக் கொஞ்சம் ஏறியதும், நுனி ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்து தடுக்கும். கூட்டைத் திருப்பித் திருப்பி நான்கைந்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தடுக்கினாலும் அந்தக் கூடு முடிந்தது. புதிய கூட்டில் ஒருமுறை, பிரிந்துபோன கூட்டின் துண்டில் ஒருமுறை இழுத்துப் பழகினால் விரல் மறக்காது.

டையின் அடிவாய் பட்ட இடத்திலும் ஒரு மங்கலான கோடு விழுவதுண்டு. அது தேய்ப்புக் குறி மட்டுமே. புதியவர்கள் அதைப் பார்த்துப் பயந்து நல்ல கூட்டை எறிந்துவிடுகிறார்கள். கம்பி தடுக்காவிட்டால் பயமில்லை.

அளவெடுத்தல்

முதலில் பிரைமரைத் தனி டையில் தள்ளி எடுங்கள். பிரைமர் ஒரு தலைமுடி அளவு துருத்திக்கொண்டிருந்தாலும், அல்லது ஊசி பட்ட குழியின் விளிம்பு மேலே எழும்பியிருந்தாலும், நீங்கள் அளப்பது கூட்டை அல்ல, பிரைமரை. இதை மறந்து 3 தவ் தவறாக எடுத்து டையை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூடுகளில் ஐந்தாறை எடுத்து, கம்பேரட்டரில் அடியிலிருந்து தோளின் நடுக்கோடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். .308-க்கு அந்தக் கோடு தோள் 0.400 அங்குல விட்டமாக இருக்கும் இடம். .223-க்கு 0.330, .30-06-க்கு 0.375. உங்கள் கருவி காட்டும் எண் கையேட்டு எண்ணோடு பொருந்தாமல் போகலாம், கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது சைஸிங்குக்கு முன், பின் என்ற வித்தியாசம் மட்டும். ஒரே கருவி, ஒரே கை, ஒரே அழுத்தம் இருந்தால் போதும்.

வந்த எண்களில் மிகப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் சேம்பருக்கு மிக அருகில் இருப்பது. இன்னொன்றும் உண்டு. புதிய கூடு ஒரே சுடுதலில் சேம்பரை முழுதாக நிரப்பிவிடாது, மிதமான மருந்தென்றால் இரண்டு மூன்று சுடுதல் ஆகும். ஆகவே ஒருமுறை மட்டும் சுட்ட கூட்டின் அளவைத் தற்காலிகமானதாகவே வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சுடுதலுக்குப் பின் மீண்டும் அளந்து திருத்துங்கள்.

மெழுகு பூசுதல்

மெழுகு இல்லாமல் ஃபுல் லெங்த் டைக்குள் கூட்டை ஏற்றினால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். விளிம்பு பிய்ந்துபோகும், பிறகு துளையிட்டு, மரையேற்றி, இழுத்தெடுக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். விரல் நுனியில் ஒரு தடவல் மெழுகு எடுத்துக் கூட்டின் உடம்பில், குறிப்பாக அடிப்பக்க மூன்றில் ஒரு பங்கில், மெல்லிய படலமாகச் சுழற்றித் தேயுங்கள். நெருக்கம் அங்கேதான் அதிகம். லானொலினை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கிறவர்கள் ஆல்கஹால் முழுதாக ஆவியாகும்வரை பொறுக்க வேண்டும். ஈரம் காயாமல் ஏற்றுவதுதான் கூடு சிக்குவதற்கு முக்கியக் காரணம்.

தோளில் பூசாதீர்கள். அங்கே தேங்கும் மெழுகுக்குப் போக வழியில்லாமல் அது பித்தளையையே உள்ளே அமுக்கிவிடும். தோளில் குழி விழுந்த கூடு பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கழுத்தின் உட்பக்கத்துக்கு மட்டும் தூரிகையால் சிறிது மெழுகோ கிராஃபைட் பொடியோ காட்டுங்கள்.

டையை நிறுத்துதல்

முழுக் கட்டுரையின் மையம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

பெரும்பாலான ரைஃபிள் டைகளின் மரை 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு டை 71 தவ் இறங்கும். கால் சுற்று ஏறக்குறைய 18 தவ், அரைக்கால் சுற்று 9 தவ். நமக்கு வேண்டிய 2 தவ் என்பது வெறும் 10 பாகை. கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு நிமிடம் நகரும் தூரத்தைவிடக் குறைவு. தாளில் சொன்ன அந்தக் கால் சுற்று எவ்வளவு பெரிய தாண்டல் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கூட்டை ஏற்றும் பிரஸ்ஸின் தண்டான ரேமை முழுதாக மேலே ஏற்றி, டையை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்குங்கள். பிறகு ஒரு முழுச் சுற்று மேலே தூக்குங்கள். மெழுகு பூசிய ஒரு கூட்டை ஏற்றி இறக்கி, துடைத்து, அளந்து பாருங்கள். கூடு குறுகியிருக்காது. சுட்டபோது இருந்ததைவிட ஒன்றிரண்டு தவ் நீண்டே இருக்கும். இதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். டை முதலில் உடம்பைத்தான் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கிய பித்தளைக்குப் போக்கிடம் மேலேதான், அதனால் தோள் முன்னால் வருகிறது. இந்த நிலையில் கூட்டைச் சேம்பரில் வைத்துப் பார்த்தால் போல்ட் முன்பைவிட இறுக்கமாக மூடும். சரியான வழியில்தான் போகிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இங்கிருந்து பத்துப் பதினைந்து பாகையாக டையை இறக்கி இறக்கிச் சோதியுங்கள். டையின் மேல் வளையத்திலும் பிரஸ்ஸிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் எவ்வளவு திருப்பினோம் என்பது தெரியும். முடிந்தவரை ஒவ்வொரு சோதனைக்கும், சுட்டபின் இன்னும் சைஸ் செய்யாத வேறொரு கூட்டை எடுங்கள். ஏற்கெனவே நெருக்கிய கூடு மீண்டும் போகும்போது தடை குறைவாக இருக்கும், எண்ணும் மாறும். ஓரிடத்தில் தோளின் அளவு ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும். சுட்ட அளவைவிட 1 முதல் 2 தவ் குறைவாக வந்ததும் நிறுத்துங்கள். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு அது போதும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோவுக்கு 3 முதல் 5 தவ் வேண்டும். கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் சூடு இருந்தாலும் போல்ட் முழுதாகப் பூட்ட வேண்டும் அல்லவா.

நிறுத்திய இடத்தைப் பூட்டும்போது ஒரு கூட்டை டைக்குள் ஏற்றி, ரேம் மேலே இருக்கும் நிலையிலேயே லாக் ரிங்கை இறுக்குங்கள். டை நேராக நிற்கும். அதன்பின் ஐந்து கூடுகளை வரிசையாகச் செய்து அளந்து பார்த்து, எல்லாம் ஒரு தவ்வுக்குள் வந்தால் வேலையைத் தொடருங்கள். கைப்பிடியை ஒரே வேகத்தில் இறக்கி, அடியில் இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். பிரஸ் இரும்பானாலும் அழுத்தத்தில் வளையத்தான் செய்யும். அவசரமாக அடித்த கூடும் நிறுத்தி அமுக்கிய கூடும் ஒரே அளவில் வராது.

டை தொட்டாலே தோள் அதிகமாகத் தள்ளப்படும் துப்பாக்கிகளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வழக்கமானதைவிட 2, 4, 6, 8, 10 தவ் உயரம் கூடுதலான ஷெல் ஹோல்டர்கள் ஒரு தொகுப்பாகக் கிடைக்கின்றன. டை ஷெல் ஹோல்டரை அழுத்தமாகத் தொடும்படியே வைத்துக்கொண்டு, ஹோல்டரை மாற்றி அளவை மாற்றலாம். காற்றில் நிறுத்திய டையைவிட இது அளவு மாறாமல் தரும். நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

கம்பேரட்டர் இன்னும் வாங்காதவர்கள் போல்ட்டைக் கொண்டே பார்க்கலாம். போல்ட்டிலிருந்து ஊசித் தொகுப்பையும், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, பிரைமரோ மருந்தோ இல்லாத காலிக் கூட்டைச் சேம்பரில் விட்டு மூடுங்கள். ஸ்பிரிங்குகள் இல்லாததால் போல்ட்டின் கைப்பிடி தன் எடையிலேயே விழ வேண்டும். தோள் முட்டும் கூட்டில் அது பாதியில் நிற்கும். டையை இறக்க இறக்க, ஒரு கட்டத்தில் மிக லேசான உரசலோடு மூடும். அதற்கு அடுத்த சிறு திருப்பத்தில் தானாக விழும். அங்கேயே நிறுத்துங்கள்.

கழுத்தை மட்டும் சைஸ் செய்தால் ஆயுள் கூடாதா என்று பலர் கேட்பார்கள். உடம்பைத் தொடாததால் இழுப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் மூன்று நான்கு சுடுதலில் கூடு சேம்பருக்குள் இறுகிப்போய், போல்ட்டைத் தட்டித் திறக்க வேண்டி வரும். எப்படியும் ஃபுல் லெங்த் டைக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 தவ் மட்டும் தள்ளி முழுதாகச் சைஸ் செய்வதே என் தேர்வு. ஆயுளும் கிடைக்கிறது, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி நுழைகிறது.

கழுத்து: இரண்டாவது சாவு

அடியைக் காப்பாற்றிவிட்டால் அடுத்து உயிர் போகும் இடம் கழுத்து. பித்தளையை வளைத்து வளைத்து வேலை வாங்கினால் அது இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும். வழக்கமான சைஸிங் டை கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கிவிட்டு, பிறகு உள்ளே இருக்கும் உருண்டையை இழுத்து மீண்டும் விரிக்கிறது. ஒரு சுற்றில் மூன்று வேலை: சுடும்போது விரிவு, டையில் நெருக்கம், உருண்டையில் மீண்டும் விரிவு.

.308 கணக்கைப் பாருங்கள். கழுத்துச் சுவர் 14 தவ் கனமென்றால் குண்டு ஏறிய கழுத்தின் வெளிவிட்டம் 0.308 உடன் 0.028 சேர்ந்து 0.336 அங்குலம். குண்டைப் பிடிக்க இதைவிட இரண்டு மூன்று தவ் குறைந்த கழுத்துப் போதும், அதாவது 0.333 அல்லது 0.334. புஷிங் (கழுத்தை நெருக்கும் வளையம்) மாற்றும் வகை டை இருந்தால் அந்த அளவு புஷிங்கைப் போட்டுக் கழுத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் நெருக்கலாம். சாதாரண டைதான் இருக்கிறதென்றால் கழுத்தின் உட்பக்க மெழுகை மறக்காதீர்கள். உலர்ந்த உருண்டை கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வரும்போது, நீங்கள் அத்தனை பாடுபட்டு நிறுத்திய தோளையும் தன்னோடு மேலே இழுத்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அந்தக் கூட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

அனீலிங்

இறுகிய பித்தளை இன்னொரு தொல்லையும் தரும். டையில் நெருக்கினாலும் விட்டதும் துள்ளித் திரும்பிக்கொள்ளும். இரண்டாவது சுடுதலில் 2 தவ் தள்ளிய அதே டை அமைப்பு, ஆறாவது சுடுதலில் ஒரு தவ்வுகூடத் தள்ளாமல் நிற்பது இதனால்தான். கழுத்தையும் தோளையும் சூடாக்கி மென்மையாக்கும் அனீலிங்தான் இதற்குப் பரிகாரம். பாத்திரக் கொல்லர்கள் தட்டித் தட்டி இறுகிய பித்தளையைக் காய்ச்சி மீண்டும் தட்டுவார்களே, அதே பதம்தான். சைஸிங்குக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

கூட்டைத் துளையிடும் கருவியின் சாக்கெட்டில் நிறுத்தி மெதுவாகச் சுழற்றியபடி, டார்ச்சின் நீலச் சுடரைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்டுவார்கள். சில விநாடி வேலை. எத்தனை விநாடி என்பதைச் சுடரையும் கூட்டையும் பொறுத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் பூச்சுகள் கிடைக்கின்றன. 750 பாரன்ஹீட் பூச்சைக் கழுத்தின் உட்பக்கம் தடவி, அது உருகும் நேரத்தை அளந்துகொள்ளலாம். தோளுக்குக் கீழே உடம்பில் 450 பாரன்ஹீட் பூச்சை ஒரு கோடாகப் போட்டால் சூடு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதும் தெரியும். மங்கிய அறையில் செய்கிறவர்கள் கழுத்தில் செம்மை தோன்றுகிறதோ என்று ஐயம் வரும் நொடியில் எடுத்துவிட வேண்டும். பளிச்சென்று சிவந்தால் கழுத்து குண்டைப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். சுடரே ஆரஞ்சு நிறமாக எரிந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

அடிப்பாகம் மட்டும் ஒருபோதும் சூடேறக் கூடாது. அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது அந்த அடியின் கடினம். அது மென்மையானால் வீட்டில் மீண்டும் கடினமாக்க வழியில்லை, அந்தக் கூடு துப்பாக்கியையும் உங்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். அடிவரை நிறம் மாறிய கூட்டை யோசிக்காமல் ஒதுக்குங்கள். சூடான கூட்டைத் தண்ணீரில் போடுவது சூடு அடிக்கு இறங்காமல் தடுக்க மட்டுமே. எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் தோய்வதால் இறுகாது.

மூன்று நான்கு சுடுதலுக்கு ஒருமுறை அனீலிங் செய்தால் கழுத்து வெடிப்பது வெகுவாகக் குறையும். ஒவ்வொரு முறையும் செய்கிறவர்களும் உண்டு.

வெட்டுதல், துடைத்தல்

சைஸ் செய்தபின் மெழுகை ஒரு துளி விடாமல் துடைத்தெடுங்கள். மெழுகுள்ள கூடு சேம்பர் சுவரைச் சரியாகக் கவ்வாது, போல்ட்டில் விழும் விசை கூடும். பிறகு மொத்த நீளத்தை அளந்து, உச்ச அளவைத் தாண்டியிருந்தால் வெட்டுங்கள். .308-க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. .223-க்கு 1.760, 1.750. .30-06-க்கு 2.494, 2.484. நீளம் மிஞ்சிய கழுத்து சேம்பரின் முனையில் சிக்கிக் குண்டை விடாமல் பிடித்தால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். தோளைக் குறைவாகத் தள்ளினால் வெட்டும் வேலையும் தானே குறைவதைச் சில சுற்றுகளில் கவனிப்பீர்கள்.

விளிம்பும் பெல்ட்டும் உள்ள கூடுகள்

.303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புள்ள கூடுகள் விளிம்பிலும், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவை அடியைச் சுற்றிய தடித்த பட்டையான பெல்ட்டிலும் நிற்கும்படி வகுக்கப்பட்டவை. தோள் எங்கே இருந்தாலும் தோட்டா உள்ளே போய் நின்றுவிடும் என்பதால் பல துப்பாக்கிகளில் தோளுக்கு முன்னால் நிறைய இடம் விட்டிருப்பார்கள். முதல் சுடுதலிலேயே கூடு கணிசமாக இழுபட்டுவிடும். அதன்பின் டையைத் தாளில் உள்ளபடி இறக்கினால் ஒவ்வொரு முறையும் அதே இழுப்புத் திரும்பும். பெல்ட்டையும் விளிம்பையும் மறந்துவிட்டு, இவற்றையும் தோளில் நிற்கும் கூடுகளாகவே நடத்துங்கள். சுட்ட அளவை எடுத்து அதிலிருந்து 2 தவ் மட்டும் தள்ளுங்கள். இந்த வகைக் கூடுகளில்தான் பலன் கண்கூடாகத் தெரியும்.

கணக்கும் கழிவும்

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வையுங்கள். எந்தத் துப்பாக்கி, எத்தனையாவது சுடுதல், சுட்ட அளவு, சைஸ் செய்த அளவு, கடைசி அனீலிங், கடைசியாக வெட்டியது. ஒரே பெட்டிக் கூடுகள் எல்லாம் ஒன்றாகச் சுடப்பட்டு ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒரு பெட்டியில் ஒன்றில் அடி வளையம் தென்பட்டால் மற்ற எல்லாவற்றையும் கம்பியால் சோதியுங்கள். அவையெல்லாம் ஒரே வாழ்க்கை வாழ்ந்தவை.

சில கூடுகளை எந்தச் சைஸிங்கும் காப்பாற்றாது. புதிய பிரைமர் தடையில்லாமல் விரலழுத்தத்தில் உள்ளே போகிறதென்றால் அடி விரிந்துவிட்டது. அது அழுத்தம் அதிகமானதன் விளைவு. கூட்டை ஒதுக்கிவிட்டு, மருந்தின் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழுத்து வெடித்தது, உடம்பில் நெடுக்காகக் கீறிப் பிளந்தது, கம்பி தடுக்கியது, எதுவானாலும் அன்றே கழிவுதான். கழித்த கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள். நசுக்காமல் மேசை ஓரத்தில் வைத்த கூடு, அடுத்த வாரம் துடைக்கும்போது நல்ல பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

என் மேசை இழுப்பறையில் அந்த இரண்டாகப் பிரிந்த .308 கூட்டின் அடித்துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்க வருகிறவர் கையில் பேப்பர் கிளிப் கம்பியைக் கொடுத்து, முதலில் அதன் உடைந்த விளிம்பைத் தடவச் சொல்வேன். ஒரு பக்கம் கத்தி முனைபோல மெலிந்திருக்கும், எதிர்ப்பக்கம் இன்னும் கனமிருக்கும். கம்பி தேட வேண்டிய பள்ளம் அந்த மெலிந்த பக்கத்தில் இருந்தது.